மீனைக் கொடுக்க மாட்டேன் என்றார்!

சென்ற வருஷம் ஆடி மாதம் எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சகோதரிகளே! போனது இரண்டு தங்க மீன்கள்தான். ஆனால் ஆறு வயதுப் பேரன் செம்பருத்திச் செடிக்கடியில் ஸ்பூனால் குழி தோண்டி, பிஸ்கட் அட்டைப் பெட்டியில் அந்த இரண்டையும் வைத்து மூடிவிட்டு, கை கழுவாமலேயே என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டானே, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பிறந்த நாளுக்கென்று மகனும் மருமகளும் ஒரு பெரிய மாலுக்குப் போயிருந்தார்கள். நாய், பூனை, மீன், பறவை எல்லாவற்றுக்கும் வேண்டியதை விற்கும் பெரிய ஸ்டோர் ஒன்று அங்கே இருக்கிறது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடை. குளுகுளு வசதி, தள்ளுவண்டி, கண்ணைப் பறிக்கும் விளக்கு. அங்கேதான் இந்த இரண்டு மீன்களையும் வாங்கி வந்தார்கள். பந்து மாதிரி ஒரு கண்ணாடி ஜாடி, நீலமும் ரோஸுமாய்க் கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, தீனி டப்பா, "தண்ணீர் சுத்தமாக" என்று ஒரு சின்னப் பாட்டில். எல்லாம் சேர்த்து ஆயிரத்து எட்டு நூற்றுச் சொச்சம் பில். மீனின் விலை அதில் நூறு ரூபாய்கூட இல்லை!

குழந்தை சுத்தத் தண்ணீர் வேண்டும் என்றான். மருமகள் நாம் குடிக்கிற ஃபில்டர் தண்ணீரையே ஜாடியில் நிரப்பினாள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியதா, பசிக்கிறது என்று எண்ணி ஆளுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டோம். காலையில் தாத்தா, மத்தியானம் நான், ஸ்கூல் விட்டு வந்ததும் அவன், ராத்திரி அவன் அப்பா. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆயிற்று. நான்காம் நாள் காலை இரண்டும் மிதந்தன.

பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினாள். "இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா மாத்திக் குடுத்திருப்போம், மேடம். இப்ப சிஸ்டம் எடுக்காது" என்றாள். "அது போகட்டும்மா, எதனால செத்துப்போச்சு?" என்று கேட்டேன். விழித்தாள். போன மாதம்வரை பெட்ஷீட் செக்‌ஷனில் இருந்தாளாம். பத்து நாளைக்கு முன்புதான் இங்கே போட்டார்களாம். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், தெரிந்துகொள்ள? புது ஜோடி மீனை மலிவாகத் தருவதாகச் சொன்னாள். பேரன், "வேண்டாம், அதுவும் செத்துடும்" என்று சொல்லிவிட்டான்.

எங்கள் தெருமுனையில், மாவு மில்லுக்குப் பக்கத்தில், ஒரு மீன்கடை இருக்கிறது. மீன் என்றால் குழம்பு மீன் இல்லை, வளர்க்கிற மீன். பத்தடிக்குப் பத்தடி இடம். சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். வாசலில் நாய்ச் சங்கிலிகள் தொங்கும், கோழித் தீவன மூட்டை நிற்கும். இத்தனை வருஷமாக மில்லுக்கு மாவரைக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நசநசவென்று ஈரமாக இருக்கும் என்று ஒரு எண்ணம், வேறென்ன!

அன்றைக்குப் பேரனை அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நான் "ரெண்டு தங்க மீன் குடுங்க தம்பி" என்றதும் வலையை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "எவ்வளவு பெரிய தொட்டிம்மா? தண்ணி எந்தத் தண்ணி? நிரப்பி எத்தனை நாள் ஆச்சு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி?" டாக்டர் கெட்டார், போங்கள்! நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் பேரனைப் பார்த்து, "நீ ஒண்ணும் தப்பு பண்ணல கண்ணு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் குழந்தையின் முகம் அந்த ஒரு வார்த்தையில் தெளிந்துவிட்டது.

அப்புறம் எனக்குச் சொன்னார். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், குழந்தைகள் உள்ள வீட்டில் இது என்றைக்காவது உதவும்.

மீன் தன் கழிவைத் தண்ணீரிலேதான் விடுகிறது. மீந்த தீனியும் அதிலேயே அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். குளத்திலும் பழைய தொட்டியிலும் இந்த விஷத்தை முறித்து மாற்றக்கூடிய நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை கிடையாது. தானாக வளர்ந்து பெருக நான்கிலிருந்து ஆறு வாரம்வரை ஆகும். அதற்குள் நிறைய மீனைப் போட்டு நிறையத் தீனியையும் போட்டால், தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் மீன் மூச்சுத் திணறிச் சாகும். நாலு லிட்டர் ஜாடியில் இது இரண்டு நாள் வேலை. ஃபில்டர் தண்ணீர் சுத்தம்தான், ஆனால் மீனுக்கு வேண்டிய தாது உப்பையும் அது எடுத்துவிடுகிறது. தங்க மீன் சின்ன மீனே இல்லையாம்! நன்றாக வைத்திருந்தால் அரையடிக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும் என்றார். அதைப் போய் ஜாடியில் போட்டிருக்கிறோம்.

"சரி தம்பி, தொட்டியே வாங்கிடறேன். மீனையும் குடுங்க" என்றேன். அப்போதுதான் அந்த மனிதர், "தொட்டி தரேம்மா. மீன் இப்ப தர மாட்டேன். மூணு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

கையில் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், கொடுக்க மாட்டேன் என்கிறார்! என் வயதுக்கு எத்தனையோ கடைக்காரர்களைப் பார்த்தாகிவிட்டது. இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி. ஐம்பத்தைந்து லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஒரு சின்ன மோட்டார், பஞ்சு ஃபில்டர், ஆற்றுக் கூழாங்கல். இவ்வளவுதான் எடுத்து வைத்தார். கலர் கல் வேண்டாம் என்றார், பாட்டில் மருந்து வேண்டாம் என்றார். பிறகு தன் பழைய தொட்டி ஒன்றில் கையை விட்டு இரண்டு கைப்பிடி கல்லை அள்ளி, அந்தத் தண்ணீரோடே ஒரு கவரில் கட்டிக் கொடுத்தார். "இதைப் புதுக் கல்லோட போட்டுடுங்க. கழுவிடாதீங்க" என்றார். அழுக்குக் கல்லை எதற்கு என்று நான் முழித்தேன். "வீட்ல தயிர் எப்படிம்மா தோய்ப்பீங்க? பக்கத்து வீட்ல ஒரு கரண்டி உறை மோர் வாங்கறதில்லையா? அதுதான் இது" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு அவ்வளவு சட்டென்று விளங்கியிருக்குமோ என்னவோ. அந்தக் கல்லுக்குக் காசு வாங்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். மால் கடை மீன்களை அவர் குறை சொல்லவில்லை. "அதுவும் நல்ல மீனாத்தான் இருந்திருக்கும். ஆனா அது எந்தத் தண்ணியில இருந்துச்சோ? என் தொட்டியில இருக்கறது உங்க தெரு போர் தண்ணிதான். உப்புத் தண்ணி. அதுல நல்லா இருக்கற மீனை மட்டும்தான் நான் வெச்சிருக்கேன்" என்றார். பாருங்கள், அந்த வாரம் லாரித் தண்ணீர் வந்ததா, போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்ததா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதே தண்ணீரை அவரும்தானே பிடிக்கிறார்! குளோரின் தண்ணீர் என்றால் அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்க மூடாமல் வைத்திருந்து அப்புறம் விடுங்கள் என்றார். இந்த ஞானத்தை எந்தத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வருவது?

மூன்று வாரம் கழித்துப் போனோம். ஆறு கப்பி மீன்கள் கொடுத்தார்; ஆண் இரண்டு, பெண் நாலு. உப்புத் தண்ணீரைத் தாங்கும் மீன் அது. சென்னை வெயிலுக்கு ஹீட்டரும் வேண்டாம். கவரை அப்படியே தொட்டித் தண்ணீரில் ஒரு கால் மணி மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மீனை விடச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரே வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி. தீனி டப்பாவைப் பேரன் பொறுப்பில் விட்டோம், தாத்தாவுக்குத் தடை! வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுகிறோம். எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு விட்டுப் பாருங்கள், உரமே வேண்டாம். சமையலறைத் தொட்டியில் மட்டும் அதைக் கொட்டாதீர்கள். தொட்டியில் கை விட்டவர்கள் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. கையில் வெட்டுக் காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டி வேலையே வேண்டாம்.

அந்த மனிதர் இந்த மீன்களைக் கொளத்தூரிலிருந்து வாங்கி வருகிறார். சென்னையின் வடமேற்கில் இருக்கும் இந்தக் கொளத்தூர், வளர்ப்பு மீனுக்குப் பேர்போன இடம். அங்கே குடும்பம் குடும்பமாக வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறார்கள். பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே குஞ்சு பிரிப்பதும், தீனி போடுவதும், பாக்கெட் கட்டுவதுமாக இருப்பார்கள். நம்முடைய இருபது முப்பது ரூபாய் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. அந்தக் காலத்தில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்ததே, 1985-ல் எரிந்துபோனது, அங்கே என் அப்பா எனக்கு முயல் வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வருகிறது. அங்கும் இப்படித்தான், வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே பேச்சுதான் முக்கால்வாசி.

இப்போது என் தப்பையும் சொல்லியாக வேண்டும்.

மீன் நல்லபடியாக இருக்கிறது என்ற தைரியத்தில், ஐப்பசியில் ஒரு நாய்க்குட்டியும் வந்துவிட்டது. கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருக்கும் ப்ளூ கிராஸில் தத்து எடுத்த நாட்டு நாய். காசு கொடுத்து ஜாதி நாய் வாங்குவதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. பனி ஊர் நாயை எல்லாம் நம் கத்திரி வெயிலில் கட்டிப்போட்டு, அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்க்கவே முடியவில்லை.

குட்டிக்கு என்ன தீனி, எவ்வளவு, எத்தனை வேளை, எல்லாவற்றையும் மில் பக்கத்துக் கடைக்காரரிடம்தான் அரை மணி நின்று கேட்டேன். பெயரைக்கூட எழுதிக் கொடுத்தார். "சின்னப் பாக்கெட்டா வாங்குங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்தேன். மகன் போனில் அதே தீனியைத் தேடினான். பத்துக் கிலோ மூட்டை, கடை விலைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் குறைவு. வாசலுக்கே வந்துவிடும். "வாங்குடா" என்று சொன்னது நான்தான்!

குட்டி தின்பதோ ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிராம், இருநூறு கிராம். பத்துக் கிலோ தீர இரண்டு மாதம் ஆகும். அடைமழை வேறு. மூட்டை வாயைக் கிளிப் போட்டு மூடித்தான் வைத்தேன். ஒரு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிட்டது. எண்ணெய்ப் பண்டம் காறிப்போகுமே, அந்த வாடை. குட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கட்டாயப்படுத்தி வைத்ததில் வயிறு வேறு போயிற்று. ஒரு பிடித் தீனியைப் பேப்பரில் மடித்துக்கொண்டு அவரிடமே போய் நின்றேன். முகர்ந்து பார்த்தார். "பூசணம் பிடிக்க ஆரம்பிச்சிருக்கும்மா. தூரப் போட்டுடுங்க. ரெண்டு நாள் நல்லாக் குழைஞ்ச சாதமும் வெறும் வேகவெச்ச கோழியும் குடுங்க. நிக்கலைன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க, குட்டி நாயில காத்திருக்கக் கூடாது" என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

கேட்டது அவர் மனைவி. கடைக்குள்ளே தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எல்லாரும் இங்க வந்து கேக்கறாங்கம்மா, வாங்கறது போன்ல. அவங்க விக்கற விலைக்குத்தான் எங்களுக்கு மொத்த விலையே வருது. நாங்க எப்படிக் குறைக்கறது?" என்றார். சண்டை போடவில்லை, கணக்குச் சொல்வது மாதிரிதான் சொன்னார். கடை வாடகை, மோட்டார் இரவு பகலாக ஓடுகிற கரண்ட் பில், செத்துப்போகிற மீன், இதெல்லாம் மீன் விற்று வருவதில்லையாம். தீனியும் சங்கிலியும் விற்கிற லாபத்தில்தான் கடை நடக்கிறதாம். அதை நாம் வேறிடத்தில் வாங்கிவிட்டு, யோசனைக்கு மட்டும் இங்கே வந்தால்?

வீட்டில் வந்து கணக்குப் போட்டேன். மூட்டையில் பாதிக்குக் கிட்ட குப்பையில் போயிற்று. டாக்டர் செலவு தனி. மிச்சம் பிடித்த முந்நூறு எந்த மூலை? இப்போதெல்லாம் அவரிடமே ஒன்றரைக் கிலோ பாக்கெட் வாங்கி, அதன் கவரோடேயே எவர்சில்வர் டப்பாவில் வைத்து இறுக மூடிவிடுகிறேன். டப்பாவில் கொட்டி வைப்பதைவிட இது நல்லது; தேதியும் கண்ணில் படும்.

அந்தக் கடையில் நான் கண்ணால் பார்த்த இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாடி வீட்டுப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன சின்னப் பெண், ஒரு பூனை வளர்க்கிறாள். பூனைக்கு உண்ணி என்று, நாய்க்குக் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தைக் கேட்டாள். எடுக்கப் போன கை நின்றது. "நாய்க்கா, பூனைக்காம்மா?" என்றார். பூனைக்கு என்றதும் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற மருந்து இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும். பெரிய கடை அலமாரியிலோ போனிலோ எடுத்தால் யார் கேட்பார்கள்? டப்பாவில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருக்கும். அந்தப் பொடி எழுத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? (நமக்குத் தருகிற பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு விஷம். கை வைத்தியமாகக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகாது. உலர்ந்த திராட்சையும்தான், பாயசத்தில் கிடக்குமே!)

அந்தப் பெண் அப்போது மூன்று மாதம். அதையும் தெரிந்துகொண்டு, "பூனை மண்ணை நீங்க அள்ளாதீங்க, வீட்டுக்காரரை அள்ளச் சொல்லுங்க. உங்க டாக்டரம்மாகிட்ட வீட்ல பூனை இருக்குன்னு சொல்லிடுங்க" என்றார் கடைக்காரரின் மனைவி. சரியான வார்த்தை. பூனையின் கழிவில் சில சமயம் இருக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. மண்ணைத் தினம் வேறு யாராவது மாற்றினால் போதும். வேறு ஆள் இல்லையென்றால் கையுறை போட்டுக்கொண்டு அள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தெருக்கடை என்றால் எல்லாம் தங்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சின்னக் கடையில், துணி போட்டு மூடிய கூண்டிலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்துக் காட்டி, மலிவாகத் தருகிறேன் என்றார்களாம், வாங்கலாமா என்று. வாங்கவே வாங்காதீர்கள், அம்மா! நம் நாட்டுப் பச்சைக்கிளி காட்டுயிர். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை விற்பதும் குற்றம், வாங்கி வளர்ப்பதும் குற்றம். நட்சத்திர ஆமை, முனியா குருவி எல்லாமே அப்படித்தான். துணி போட்டு மூடி வைத்திருக்கும்போதே தெரியவில்லையா, அதில் என்னவோ கோளாறு என்று? கூண்டில் வளர்க்கத்தான் வேண்டுமென்றால் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அந்த வெளிநாட்டுச் சின்னக் கிளி இருக்கிறது. அதையும் படுக்கையறையில் வைக்காதீர்கள். எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால் இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. பறவைகளிடமிருந்து வரும் ஒருவிதக் காய்ச்சலும் உண்டு. கூண்டைத் துடைப்பதானால் ஈரத் துணியால் துடையுங்கள்.

நாய்க்குட்டி விஷயத்திலும் சின்னக் கடைகள் சில செய்கிற அநியாயம் கொஞ்சமில்லை. கண் திறந்து பத்து நாள் ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். 2017-ல் வந்த நாய் வளர்ப்பு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. 2018-ல் வந்த விதிகளின்படி பிராணிகள் விற்கும் கடை, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இது மால் கடைக்கும் சட்டம், மாவு மில் பக்கத்துக் கடைக்கும் சட்டம். "பதிவு இருக்கா தம்பி?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நானும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார்; முருகன் காலண்டருக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது!

கடைக்குள் நுழைந்ததும் மூக்கே பாதி சொல்லிவிடும். நல்ல மீன்கடையில் குளத்து வாசனைதான் வரும், அழுகல் வாடை வராது. தொட்டியில் செத்த மீன் கிடக்கிறதா, கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருக்கிறதா, நேர் வெயில் அடிக்கிறதா என்று பாருங்கள். நோய் மீன் இருக்கிற தொட்டியில் விட்ட வலையையே அடுத்த தொட்டியிலும் விடுகிறாரா என்று கவனியுங்கள். எல்லாவற்றையும்விட, அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா? கேட்காமல் கட்டிக் கொடுக்கிறவர் சின்னக் கடையானாலும் எனக்கு வேண்டாம். உடம்புக்கு முடியாத நாய்க்குத் தானே ஊசி போடுகிறேன், மாத்திரை தருகிறேன் என்கிறவரிடமும் போகாதீர்கள். அதற்குப் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. 1903-லிருந்து இருக்கிற கல்லூரி. மற்ற ஊர்களில் அரசாங்கக் கால்நடை மருந்தகங்கள் உண்டு. குட்டிக்கு ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்கிற தேதியில் திரும்பவும். சொந்த நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். குழந்தையை எந்த நாய் பிறாண்டினாலும் கடித்தாலும், முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி வைப்பதெல்லாம் ஆகவே ஆகாது.

பெரிய கடைக்கு நான் போவதே இல்லையா என்றால், போகிறேன். எங்கள் நாய்க்கு மார்புப் பட்டை சரியான அளவில் அங்கேதான் கிடைத்தது. கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்கினோம். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு டாக்டர் எழுதித் தருகிற தனித் தீனி மாதிரி விலை கூடிய சாமான்களைச் சின்னக் கடைக்காரர் வாங்கி வைக்க முடியாது, தேதி தாண்டிவிடும். ஆனால் உயிருள்ள ஒன்றை இனிமேல் அங்கே வாங்க மாட்டேன். யோசனை கேட்ட இடத்திலேதான் தீனியும் வாங்குகிறேன். கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் கூடத்தான் ஆகிறது. என்னவர், "உன் மீன்கார டாக்டருக்கு ஃபீஸ்" என்று கேலி செய்கிறார். செய்யட்டும்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும், காலையில் பேரன் கத்திய கத்தலில் பால் பொங்கி வழிந்துவிட்டது. தொட்டியில் கடுகு மாதிரி கண்ணும், நூல் மாதிரி உடம்புமாய்ப் பத்திருபது குஞ்சுகள்! கப்பி முட்டையிடாது, குட்டி போடும். தாயே பிடித்துத் தின்றுவிடும் என்று ஓடிப்போய்க் கேட்டு வந்து, பாசிச் செடியைப் போட்டு ஒளிய இடம் செய்து கொடுத்தான். மிஞ்சியது பதினான்கு. இரண்டு மாதம் போனதும் தொட்டி கொள்ளவில்லை. எட்டை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி தெருமுனைக் கடைக்குப் போனான்.

கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நல்லா வளர்த்திருக்கியே" என்றார். ஒரு வாளித் தண்ணீரில் தனியாக விட்டார். பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் மற்ற மீன்களோடு சேர்ப்பாராம். எட்டு மீனுக்கு விலையாக என்ன வேண்டும் என்று பேரனையே கேட்டார். அவன் யோசித்து யோசித்து, மூலைத் தொட்டியில் இருந்த சிவப்பு இலைச் செடியைக் காட்டினான். வேரோடு பிடுங்கி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "யார் வாங்கினாலும், தொட்டியில தண்ணி நிரப்பி எத்தனை நாளாச்சுன்னு கேட்டுட்டுக் குடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு வந்தான்.